அதிகப்படிக் குழாய்கள்

வீட்டில் இருக்கும் சாமான்களில் கீஸருக்கு ஒரு தனி ராசி உண்டு. தினமும் அதன் தயவில்தான் குளிக்கிறோம். ஆனால் தலையை நிமிர்த்தி அதை ஒரு முறை பார்த்தவர்கள் அபூர்வம். குளிர்சாதனப் பெட்டியை மாதம் ஒரு முறையாவது துடைக்கிறோம். மிக்ஸியின் சத்தம் கொஞ்சம் மாறினால் உடனே காது கொடுத்துக் கேட்கிறோம். கீஸரோ குளியலறைக் கதவுக்கு மேலே, பல்லிக்கும் ஒட்டடைக்கும் நடுவில், வெள்ளைக் குடம் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும்; விளக்கு அணைந்தால் வெந்நீர். அதற்குமேல் அதனோடு நமக்கு என்ன பேச்சு?

எனக்கும் பேச்சு வார்த்தை ஏற்பட்டிருக்காது. மேற்கு மாம்பலத்தில் இப்போது இருக்கும் இந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்த பிறகு, நாலே மாதத்தில், கீஸரின் வெந்நீர்ப் பக்கத்தில் இருந்த பின்னல் குழாய் இரண்டு முறை வெடித்தது. முதல் தடவை நடுப்பகலில். குளியலறையில் யாரும் இல்லை. இரண்டாம் தடவை விடியற்காலை ஐந்து மணிக்கு. என் அத்தை அப்போதுதான் குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு வெளியே வந்து கதவைச் சாத்தியிருந்தாள். அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. கொதிக்கும் தண்ணீர் கதவின் உட்புறத்தில் அடித்த சத்தத்தைக் கேட்டு, "என்னடா, மழையா?" என்று கேட்டாள்.

விற்ற கம்பெனியிலிருந்து இரண்டு தடவையும் ஒரு பையன் வந்தான். இரண்டு தடவையும் புதுப் பின்னல் குழாய் மாட்டினான். "மட்டமான ஐட்டம் சார், அதான். இது நல்ல ஐட்டம்" என்று இரண்டு தடவையும் சொன்னான். நல்ல ஐட்டமே இரண்டாவது முறை வெடித்தது என்பதை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அவன் சிரித்துவிட்டுப் பில் எழுதினான்.

அன்று மாலை ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, கீஸரின் அடிவயிற்றைப் பார்த்தேன். கதை எழுதுகிறவனுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. விஷயம் தெரியாவிட்டாலும், ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கவேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. கீஸருக்கு இரண்டு குழாய் இருக்கவேண்டும். இங்கே நான்கு இருந்தன.

இரண்டு எவை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தொட்டி வைத்த கீஸர் எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் அடியில் இரண்டு முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். ஒன்றின் கழுத்தில் நீல வளையம். அது பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் வழி. மற்றதில் சிவப்பு வளையம். அது வெந்நீர் வெளியே வரும் வழி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான். உள்ளேதான் வித்தியாசம். பச்சைத் தண்ணீர்க் குழாய் தொட்டியின் அடியிலேயே நின்றுவிடும். வெந்நீர்க் குழாயோ தொட்டிக்குள் உயர்ந்துபோய், உச்சியில் வாயைத் திறந்து வைத்திருக்கும். சூடான தண்ணீர் மேலே மிதக்கும் அல்லவா? அடியில் பச்சைத் தண்ணீர் வந்து தள்ளத் தள்ள, மேலே இருக்கிற வெந்நீர் அந்த உச்சி வாய் வழியாக இறங்கிக் குழாய்க்கு வருகிறது. 

இந்த இரண்டையும் மாற்றிப் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சியில் ஒரு நண்பர் வீட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. குளியலறைக்குப் புது டைல்ஸ் போட்டபோது கீஸரைக் கழற்றித் திரும்ப மாட்டினார்கள். அன்றிலிருந்து அரை வாளி வெந்நீர்கூட ஒழுங்காக வருவதில்லை. 25 லிட்டர் தொட்டி, விளக்கு அணைகிறது, தொட்டி தொட்டால் சுடுகிறது, ஆனால் குழாயில் வெதுவெதுப்புத்தான். கீஸர் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, புதிது வாங்கினார். புதிதும் அப்படியே. இரண்டு வருஷம் அந்த வீட்டார் அந்த வெதுவெதுப்பிலேயே குளித்தார்கள். கடைசியில் வெள்ளையடிக்க வந்த ஒரு மனுஷர், "நீலத்துல சூடா இருக்குதே சாமி?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பச்சைத் தண்ணீர் உச்சி வாய் வழியாக உள்ளே கொட்டி வெந்நீரோடு கலந்து, அந்தக் கலவை அடி வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. பழைய கீஸரை எடைக்குப் போட்டிருந்தார் நண்பர்.

ஆகவே கீஸர் குழாய்களை அடையாளம் கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் வர்ணத்தை நம்பலாம். ஆனால் தொட்டுப் பார்த்து நம்பவேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டு, வெந்நீர்த் திருகைக் கொஞ்சம் திறந்து, எந்தக் குழாய் சுடுகிறது என்று புறங்கையால் பார்த்தால் போதும். கையில் ஈரம் கூடாது. மின்சாரம் இருக்கும்போது கூடவே கூடாது.

நான் அப்படித்தான் பார்த்தேன். நீலம் பச்சைத் தண்ணீர்தான், சிவப்பு வெந்நீர்தான். மாற்றம் ஒன்றும் இல்லை. அதிகப்படியான இரண்டுதான் புதிர்.

ஒன்று, வெந்நீர்ப் பக்கத்தில். சிவப்பு முனையிலிருந்து வந்த பின்னல் குழாய் சுவரில் ஒரு 'டீ'யில் சேர்ந்தது. பிளம்பர்கள் 'டீ' என்பது அந்த எழுத்தைப் போலவே மூன்று வாய் கொண்ட இரும்புத் துண்டு. அதன் ஒரு கை கீழே இறங்கிக் குளிக்கும் குழாய்க்குப் போயிற்று. இன்னொரு கை மேலே ஏறி, வென்டிலேட்டருக்குப் பக்கத்தில் கூரையைத் துளைத்துக்கொண்டு மறைந்துபோயிற்று. வெந்நீரை மொட்டை மாடியில் யார் கேட்டார்கள்?

இன்னொன்று, பச்சைத் தண்ணீர்ப் பக்கத்தில். கேட் வால்வுக்கும் நீல முனைக்கும் நடுவே கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைத் துண்டு. அதன்மேல் தண்ணீர் போகும் திசையைக் காட்டி ஒரு அம்புக்குறி. தலையில் சின்னதாக ஒரு நெம்புகோல். பக்கவாட்டில் ஒரு குட்டி மூக்கு. அந்த மூக்கின் துவாரத்தில் யாரோ ஒரு திருகாணியை வைத்து, வெள்ளை டேப் சுற்றி, இறுக அடைத்திருந்தார்கள். அடைத்தவர் சிரத்தையுள்ளவர் என்பதைப் பார்த்தாலே தெரிந்தது. டேப்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தார்.

கம்பெனிப் பையனைப் போனில் கேட்டேன். "மேல போறது பழைய லைன் சார், ஒண்ணுக்கும் ஆகாது. வேணும்னா வெட்டிட்டு எண்ட் கேப் போட்டுடறேன்" என்றான். பித்தளை மூக்கைப் பற்றிக் கேட்டபோது, "அது லீக் ஆகும், அதான் அடைச்சிருக்காங்க" என்றான். ஒரு குழாய் எதற்கு இருக்கிறது என்று கேட்டால், அது இல்லாமலும் காலம் தள்ளலாம் என்பதே பதிலாக வருகிறது. நம்முடைய பல நிர்வாகங்களும் இப்படித்தான் நடக்கின்றன என்றாலும், அவை கொதிப்பதில்லை.

இங்கே கொதிக்கிற சமாசாரம். தண்ணீர் சூடாகும்போது பருத்துக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எவ்வளவு என்று படித்த ஞாபகம் இல்லை. 25 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 75 டிகிரிக்குக் காய்ச்சினால் ஏறக்குறைய அரை லிட்டர் அதிகமாகிறது. அடுப்பில் வைத்த தவலையாக இருந்தால் அந்த அரை லிட்டர் விளிம்பில் ஏறி நிற்கும், நமக்குத் தெரியவும் தெரியாது. கீஸரின் தொட்டியோ கழுத்து வரை நிறைந்து, எல்லாப் பக்கமும் மூடியது. அந்த அரை லிட்டர் எங்கே போகும்? தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது. இடம் கிடைக்காவிட்டால் சுவரைத் தள்ளும். 

அதிகப்படியான குழாய்கள் இரண்டும் அந்த அரை லிட்டருக்காகத்தான் இருந்தன. அதைச் சொன்னவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பிளம்பர். அத்தையின் தோழி ஒருத்தியின் சிபாரிசில் வந்தவர். இந்த ரகக் கட்டிடங்களில் இரும்புக் குழாய் காலத்திலிருந்து வேலை செய்தவர். வந்ததும் பையைக் கீழே வைத்தார். ஸ்டூலில் ஏறவில்லை. "அம்மா, மேல எத்தனை மணிக்குச் சுவிட்சு போடுவீங்க?" என்று அத்தையைக் கேட்டார்.

"ராத்திரி போடறதுதான். காலையில குளிச்சதும் அணைப்பேன்."

"வெந்நீர்க் குழாயைத் தொறந்ததும் எப்படி வரும்?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறே! பாம்பு மாதிரி சீறிண்டு வரும். ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்னுக்கணும். அப்புறம் சாதுவாயிடும்."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "தண்ணிக்கு மூச்சு விட எடமில்லை சார்" என்றார்.

பிறகுதான் ஸ்டூலில் ஏறினார். பித்தளை மூக்கைப் பார்த்ததும் நாக்கைச் சப்பிக்கொண்டார். அது ஒரே உடம்பில் இரண்டு உத்தியோகம் பார்க்கிற வால்வு என்று விளக்கினார். ஒன்று, உள்ளே போன தண்ணீரை மொட்டை மாடித் தொட்டிக்குத் திரும்ப விடாமல் தடுப்பது; அம்புக்குறி அதற்கு. மற்றது, உள்ளே அழுத்தம் அளவு மீறினால் மூக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரைச் சொட்டவிட்டு அழுத்தத்தைக் குறைப்பது. சாதாரணமாக இந்த வால்வுகள் 8 பார் அழுத்தத்தில் திறக்கும்படி அமைந்திருக்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார் என்று வைத்துக்கொண்டால், எங்கள் மொட்டை மாடித் தொட்டி கீஸரின்மேல் செலுத்துவது அரை பார்கூட ஆகாது. ஆனால் திரும்பிப் போக வழியில்லாத தண்ணீரைக் காய்ச்சும்போது அந்த அரை பார், எட்டு பாருக்கு ஏறிவிடும். அப்போது மூக்கு சொட்டவேண்டும். சொட்டினால் ஆரோக்கியம் என்று அர்த்தம். அதை அடைத்துவிட்டால், தொட்டியிலும் குழாய்களிலும் எது சோனியோ அது முதலில் உயிரை விடும். எங்கள் வீட்டில் பின்னல் குழாய் சோனி. அது இரண்டு முறை தன் உயிரைக் கொடுத்தது. 

இதை ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். என் மைத்துனர் வந்திருந்தார். அவர் இன்ஜினீயர்; ஆனால் ரோடு போடுகிற இன்ஜினீயர். "இதெல்லாம் ரொம்பப் பயம் அத்திம்பேர். தெர்மோஸ்டாட் இருக்கு, அது போனா கட்-அவுட் இருக்கு, அதுவும் போனா சூட்டில் உருகிவிடுகிற பிளக்கே இருக்கு. ஐ.எஸ். 2082 என்று இதற்கு ஒரு தர நிர்ணயமே இருக்கு. சும்மாவா முத்திரை குத்தறான்?" என்றார்.

அவர் சொன்னதெல்லாம் வாஸ்தவம். ஆனால் அவர் சொன்ன மூன்று காவற்காரர்களும் சூட்டுக்குக் காவல். அழுத்தத்துக்கு அல்ல. தெர்மோஸ்டாட் யோக்கியமாகத் தன் வேலையைச் செய்து அறுபது எழுபது டிகிரியில் நிறுத்தினாலே போதும். மூடிய தொட்டியில் அழுத்தம் ஏறத்தான் ஏறும். தினமும் இரண்டு வேளை ஏறி இறங்கினால் தொட்டியின் ஒட்டுப் பல் இளகும். சென்னை ஆழ்குழாய்த் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு படிந்து காவற்காரர்களில் ஒருவர் தூங்கிவிட்டாரானால் அப்புறம் கதை வேறு. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது. எட்டு பாரில் நூற்றெழுபது டிகிரிக்கு மேலும் தண்ணீராகவே, பரம சாதுவாக இருக்கும். தொட்டி எங்கேயாவது கிழிந்தால் அந்தக் கணத்தில் அதில் ஒரு பங்கு ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் ஆயிரத்து அறுநூறு லிட்டர் இடம் கேட்கும். எங்கள் குளியலறை ஆறடிக்கு நாலடி.

மைத்துனர் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டு சும்மா இருந்தார். அத்தைதான், "குக்கர் வெயிட்டைக் கயிறு போட்டுக் கட்டி வெச்சா மாதிரின்னு சொல்லு. இதுக்கு ஏன் இத்தனை இங்கிலீஷ்?" என்றாள்.

அவள் சொன்னது வெறும் உவமை அல்ல, வம்சாவளி. 1679 ஆம் வருஷம் லண்டனில் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பையும் கூழாக்குகிற இறுக மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்து ராயல் சொஸைட்டியாருக்குக் காட்டினார். இன்றைய குக்கருக்கு அதுதான் பாட்டன். பாத்திரம் வெடிக்காமல் இருக்க, எடை தொங்கவிட்ட ஒரு வால்வையும் அவரே வைத்தார். எங்கள் வீட்டுப் பித்தளை மூக்குக்கு அந்த வால்வு கொள்ளுத் தாத்தா. கீஸர் என்ற பெயர் வந்த கதையும் இந்த மாதிரிதான். 1868 இல் லண்டனில் வர்ண வேலை செய்த பெஞ்சமின் மாகன் என்பவர், எரிவாயுவினால் தண்ணீரை அப்போதைக்கப்போது காய்ச்சும் யந்திரத்துக்கு, ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றின் பெயரை வைத்தார். அவருடைய யந்திரத்தில் புகை வெளியேறுவதற்கு வழி இல்லை. உள்ளே போக வழி வைக்கிறவர்கள் வெளியே போக வழி வைக்க மறந்துவிடுவது அப்போதே ஆரம்பித்திருக்கிறது. 

அத்தை பிறந்த வீட்டில், கும்பகோணத்தில், செம்புப் பாய்லர் ஒன்று இருந்தது. நடுவில் கரி எரியும் குழல், சுற்றிலும் தண்ணீர், தலையில் சும்மா கவிழ்த்து வைத்த மூடி. சூடு மிஞ்சினால் மூடி தடதடவென்று ஆடும். வீட்டுக்கே அது மணி. "அது வெடிச்சு நான் கேட்டதில்லை" என்றாள் அத்தை. எப்படி வெடிக்கும்? அதற்கு மூடியே ஏர் பைப்.

ஏர் பைப் என்ற வார்த்தையைப் பெரியவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். கூரைக்கு மேலே மறைந்த குழாயின் பெயர் அது. மறுநாள் அவரோடு மொட்டை மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக, கைத்தடிகளை வரிசையாக நட்டு வைத்தாற்போல் நாலைந்து இரும்புக் குழாய்கள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு மாடி வீட்டினுடையது. சில பாதியில் அறுபட்டிருந்தன. எங்களுடையது முழுசாக இருந்தது. வளைந்த கைப்பிடியும் இருந்தது. கைப்பிடியின் வாயில்மட்டும் ஒரு மூடி திருகியிருந்தது. 

அதன் தாத்பரியம் இது: வெந்நீர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் மேலே போய், மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்தையும் தாண்டி உயர்ந்து, வளைந்து, அந்தத் தொட்டியின் வாய்க்கு நேராகத் திறந்து நிற்கும். கீஸரில் பருத்த தண்ணீர் இதன் வழியாக ஏறும். மிஞ்சினால் வளைவைத் தாண்டித் தொட்டியிலேயே சொட்டும். ஒரு சொட்டு வீணாகாது, அழுத்தமும் ஏறாது. தெர்மோஸ்டாட் கெட்டு ஆவியே கிளம்பினாலும் வானத்தைப் பார்த்துப் போய்விடும். வால்வு இல்லை, ஸ்பிரிங் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. 1980களில் இந்தக் கட்டிடத்துக்குக் குழாய் போட்டவர் யாரோ, பெயர் தெரியாது. அவருக்குக் கும்பகோணத்துப் பாய்லரின் மூடி நன்றாக ஞாபகம் இருந்திருக்கிறது.

இத்தனை யோசித்து வைத்ததை யார் அடைத்தார்கள்? வீட்டுக்காரம்மா பெங்களூரில் மகனோடு இருக்கிறார். போனில் கேட்டேன். எழுபதைத் தாண்டியவர், ஞாபக சக்தி அபாரம்.

"அந்த ஏர் பைப்பா சார்? 2011ல சிமென்ட் தொட்டி விரிசல் விட்டுதுன்னு இடிச்சோம். கறுப்புத் தொட்டி வாங்கி இரும்பு ஸ்டாண்டு மேல ஏத்தினோம். ஏத்தினதும் அந்தப் பைப்புல ராத்திரி பகலாத் தண்ணி கொட்ட ஆரம்பிச்சுடுத்து. அதனால மூடி போட்டாங்க."

கொட்டாமல் என்ன செய்யும்? தொட்டி உயர்ந்துவிட்டது, கைத்தடி பழைய உயரத்திலேயே நின்றது. கைத்தடியின் வாய் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. இரண்டு முழம் குழாய் சேர்த்து உயர்த்தவேண்டிய இடத்தில் ஒரு மூடியைப் போட்டுவிட்டார்கள். 

"அப்புறம் பழைய கீஸர் ஓட்டையாகி 2014ல புதுசு வெச்சோம். அதோட அந்தப் பித்தளை வால்வு வந்தது. அதுலதான் சொட்டிண்டே இருக்கும்."

"அதை அடைத்தது யாரம்மா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "2019ல உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க. அந்த வருஷம் எப்படி இருந்தது, ஞாபகம் இருக்கா சார்?"

மறந்திருக்க முடியுமா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வருஷம் அது. லாரி வரும் சத்தம் கேட்டால் தெருவே குடத்தோடு ஓடிற்று. அந்த வருஷத்தில் இந்த வீட்டில் கணவன், மனைவி, கைக்குழந்தை என்று மூன்று பேர் இருந்தார்களாம். அந்தப் பெண் லாரித் தண்ணீரை மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கீஸர் மூக்கிலிருந்து ஒரு வேளைக்கு அரை லிட்டர், இரண்டு வேளைக்கு ஒரு லிட்டர் சொட்டித் தரையில் போகிறது. பதினைந்து நாளில் ஒரு குடம். ஒரு குடத்துக்கு அப்போது இருந்த மதிப்பை அறிந்தவர்கள் யாரும், ஏழெட்டுச் சுற்று டேப் சுற்றிய அந்தக் கையைக் குறை சொல்லத் துணியமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. முதலில் மூடி போட்டவர்களும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்றுதான் போட்டார்கள். இரண்டாவதாக அடைத்தவர்களும் அதற்காகத்தான் அடைத்தார்கள். முதல் மூடி மொட்டை மாடியில் இருப்பது இரண்டாவது ஆளுக்குத் தெரியாது. இரண்டு நல்ல காரியங்களுக்கு நடுவே என் அத்தை ஐந்து வருஷப் பழைய அழுத்தத்தின் கீழே நின்று குளித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்குழந்தையையும் அங்கேதான் குளிப்பாட்டியிருப்பார்கள். 

பெரியவர் வேலையை ஒரு பகலில் முடித்தார். அதற்கு முந்தின ராத்திரியே கீஸரின் சுவிட்சை மாத்திரம் அல்ல, மெயினையும் அணைக்கச் சொல்லிவிட்டார். காலையில் தொட்டி ஆறியிருந்தது. கேட் வால்வை மூடி, வெந்நீர்த் திருகைத் திறந்து, உள்ளே இருந்த அழுத்தத்தை விடுவித்த பிறகுதான் ஸ்பானரைத் தொட்டார். மூக்கில் இருந்த திருகாணி லேசில் வரவில்லை. வந்ததும் நெம்புகோலைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. வால்வைக் கழற்றிக் கவிழ்த்தால் உள்ளே சுண்ணாம்பு கல்லாகப் படிந்திருந்தது. இத்தனை நாள் திருகாணி இல்லாமலே இருந்திருந்தாலும் அது திறந்திருக்காது. "வருஷத்துக்கு ஒரு தரமாவது இந்தக் கொண்டையைத் தூக்கி விடணும் சார். யாரும் தூக்கறதில்லை" என்றார். சில நூறு ரூபாயில் புது வால்வு மாட்டினார். மூக்கில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செருகித் தரை ஜாலி வரையில் கொண்டுவந்து விட்டார். பிறகு மாடிக்குப் போய்க் கைத்தடியின் மூடியைக் கழற்றி, வெந்நீர் தாங்குகிற குழாயாகப் பார்த்து ஒட்டுப் போட்டு உயர்த்தி, வளைவைக் கறுப்புத் தொட்டியின் வாய்க்கு நேராகத் திருப்பினார். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் மலிவாகக் கிடைக்குமே என்று மைத்துனர் யோசனை சொன்னார். அது பச்சைத் தண்ணீர்க் குழாய், சூட்டில் வளைந்துவிடும் என்று பெரியவர் மறுத்துவிட்டார்.

இப்போது வெந்நீர்த் திருகைத் திறந்தால் சீறுவதில்லை. ரப்பர் குழாயிலும் சொட்டுவதில்லை. மேலே வழி இருக்கும்போது கீழ் மூக்குக்கு வேலையே இல்லை. அத்தைக்குமட்டும் இதில் பூரண திருப்தி இல்லை. முதல் நாள் குளித்துவிட்டு வந்து, "ஏண்டா, வெந்நீர் வேகமே குறைஞ்சு போச்சே, சரியாத்தான் பண்ணினானா?" என்றாள்.

பெரியவர் மாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, இரண்டாவது மாடியில் இருக்கும் ரிடையரான பாங்க் ஆபீஸர், துணி உலர்த்துகிற சாக்கில் வந்து வெகு நேரம் நின்றார். எங்களுடையதைத் தவிர மற்றக் கைத்தடிகள் யாருடையவை என்று விசாரித்தார். அறுபட்ட ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனார். ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் டார்ச் இருந்தது.

"நானும் ஸ்டூல் போட்டு எண்ணிப் பார்த்தேன் சார். எங்க வீட்டுல அஞ்சு இருக்கு."

"அஞ்சாவது எங்கே போகிறது?"

"சுவத்துக்குள்ள போறது. அப்புறம் வெளியிலயே வரலை."

ஞாயிற்றுக்கிழமை பெரியவரை வரச் சொல்லியிருக்கிறோம். அது வரையில் அவர்கள் வீட்டில் அடுப்பில் வெந்நீர் போடுகிறார்கள்.